தெமூரின் இரண்டு கைகள்

தெமூருக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பதை நெதர்லாந்து அரசாங்கம் கண்டுபிடித்தபோது அவருக்கு நாற்பத்தெட்டு வயது. அதற்கு முன் ஜார்ஜியாவில், குட்டாயிசிக்கும் திபிலிசிக்கும் நடுவே மலைப்பாதையில் இருபது வருடம் மினிபஸ் ஓட்டியவர். பனியோ மழையோ, ஒரு பயணிக்குக்கூட சிராய்ப்பு பட்டதில்லை. இருந்து என்ன? ஸ்வோலெ நகரில் குடியேறி ஆறு மாதம் ஆனதும் ஜார்ஜியா லைசென்ஸ் இங்கே செல்லாது என்றார்கள். கற்ற தொழில் மறந்துபோக ஆறு மாதம் போதும் என்று யாரோ படித்தவர் முடிவு செய்திருக்கிறார்.

குளிர்க்கிடங்கில் குடைமிளகாய் அடுக்கிக்கொண்டிருந்தவருக்கு ஒரு வழி பிறந்தது. முதியோர் காப்பகம் ஒன்றில் வேன் ஓட்ட ஆள் தேடினார்கள். அதன் நிர்வாகி ஹன்னெக்கெ, "லைசென்ஸோட வாங்க, வேலை உங்களுக்குத்தான். இலையுதிர்கால விடுமுறை வரைக்கும் காத்திருப்பேன். அதுக்கு மேல முடியாது," என்றாள். தெமூருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

முதல் தேர்வில் சைக்கிள்களுக்குப் பயந்து திரும்பித் திரும்பிப் பார்த்ததில் கழுத்து சுளுக்கிக்கொண்டது. இங்கே கடவுளுக்கு அடுத்தபடி சைக்கிள்காரர்கள்தான். அந்த வரிசையும் தலைகீழ் என்று நினைக்கும் சைக்கிள்காரர்கள் நிறைய உண்டு. எல்லாம் ஒழுங்காகவே போனது. கடைசித் தெருவில் இடப்பக்கமிருந்து ஒரு கிழவரின் கார் வந்தது. முதலில் போகும் உரிமை தெமூருக்கு. தெமூரோ கிழவர் மேல் இரக்கப்பட்டு, "நீங்க போங்க" என்று கை காட்டிவிட்டார்.

"யாரைக் கேட்டு அவரைப் போகச் சொன்னீங்க?" என்றாள் பக்கத்தில் இருந்த தேர்வு அதிகாரி மிர்யம்.

"வயசானவரு மேடம். பாவம்."

"பாவம் பாக்குறதுக்கா ரோடு போட்டிருக்கு? உங்க முறைன்னா நீங்கதான் போகணும். ஃபெயில்."

வீட்டில் மனைவி லமாரா பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். "கையை வச்சுக்கிட்டு சும்மா இருக்கத் தெரியாதாய்யா உனக்கு? அடுத்த தடவை ஸ்டியரிங்ல பசை போட்டு ஒட்டிக்கோ!"

விடுமுறைக்கு முந்தைய வாரம் இரண்டாவது தேர்வு. அதே மிர்யம். குடியிருப்பு நடுவே ஒரு சின்ன நாற்சந்தி. நான்கு பக்கமிருந்தும் நான்கு கார்கள் ஒரே நேரத்தில் வந்து நின்றன. வலப்பக்கம் வருபவருக்கு வழிவிட வேண்டும் என்பது சட்டம். நான்கு பேருக்கும் வலப்பக்கம் ஒருவர் இருந்தார். சட்டத்தைக் கரைத்துக் குடித்த நான்கு பேரும் அசையவில்லை. நடுவில் ஒரு சைக்கிள்காரி ரொட்டியைக் கடித்தபடி சாவகாசமாகக் கடந்து போனாள்.

தெமூருக்கு உள்ளங்கை அரித்தது. ஊரில் இதைவிடப் பெரிய சிக்கல்களை, ஆட்டு மந்தையோடு சேர்த்து, ஒரே கையசைப்பில் அவிழ்த்தவர். ஆனால் வேலை போய்விடுமே! ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கடைசியில் எதிர்க் காரில் இருந்த பெண் பொறுமையிழந்து கிளம்பிப் போனாள்.

"ஏன் மரம் மாதிரி உக்காந்திருந்தீங்க?" என்றாள் மிர்யம்.

"சட்டம் மேடம்."

"இந்த மாதிரி நேரத்துல யாராவது ஒருத்தருக்குக் கை காட்டி அனுப்பிடணும். ஒரு முடிவு எடுக்கத் தெரியலையே உங்களுக்கு. ஃபெயில்."

"எங்க காட்டணும், எங்க காட்டக்கூடாதுன்னு எப்படி மேடம் தெரிஞ்சுக்கறது?"

"வண்டி ஓட்டத் தெரிஞ்சவங்களுக்கு அது தெரியும்." கை குலுக்கி, இந்த நாள் இனிய நாளாக அமையட்டும் என்று வாழ்த்தியும் அனுப்பினாள். மரியாதைக்கு இங்கே பஞ்சமே இல்லை.

ஹன்னெக்கெயும் சுற்றி வளைக்கவில்லை. "வேற டிரைவர் போட்டாச்சு. ஆனா பெரியவங்களைக் கை பிடிச்சு ஏத்தி இறக்க ஒரு ஆள் வேணும். வர்றீங்களா?"

குடைமிளகாய்க்கு மனிதர்கள் மேல் என்று தெமூர் ஒப்புக்கொண்டார். ஓட்டுநர் ஃப்ளூர் என்ற இளம்பெண். அவள் லைசென்ஸ் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. முதல் நாள் ஒவ்வொரு வளைவிலும் தெமூரின் கால் தானாக இல்லாத பிரேக்கை மிதித்தது. வெட்கத்தோடு காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

பின்னால் உட்கார்ந்திருந்த கிழவி இதைக் கவனித்துவிட்டாள். "ஏம்ப்பா, உனக்கு வண்டி ஓட்டத் தெரியாதா?"

தெமூர் சாலையைப் பார்த்தபடி சொன்னார். "கத்துக்கிட்டு இருக்கேம்மா."