ஆடி முழுக்கக் காத்திருந்த இன்ஜின்

ஆனையூரில் என் ஒர்க்‌ஷாப். ஆவணி பிறந்ததும், வேலை முடித்து வண்டியில் ஏற்றிய இன்ஜின் ஒன்றுக்கு முதல் ஸ்டார்ட் போட்டோம். மறுத்துவிட்டது. செல்ஃப் அடித்தால் தையல் மிஷின் மாதிரி லேசாகச் சுற்றியது. பிஸ்டனுக்குப் புது ரிங் போட்ட இன்ஜின் இறுக்கமாகத்தான் சுற்ற வேண்டும்.

கார் வாடிப்பட்டி முத்துலட்சுமியுடையது. அவளே வாடகைக்கு ஓட்டுகிறாள். மறுநாள் முதல் முகூர்த்தம். மேலூரிலிருந்து கல்யாணப் பெண்ணை அழைத்துவருவதாக வாக்குக் கொடுத்திருந்தாள். அந்தக் குடும்பத்தில் எந்த விசேஷமென்றாலும் அவள் வண்டிதான். ஒரு முறை வேறு வண்டி நுழைந்துவிட்டால் அந்த இடம் போனதுதான்.

ஸ்பார்க் இருந்தது. பெட்ரோல் வந்தது. டைமிங் மார்க் சரியாக நின்றது, வால்வு இடைவெளியும் சரி. சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று பார்க்கக் கம்ப்ரஷன் கேஜை மாட்டினேன். நூற்றைம்பதைத் தாண்ட வேண்டிய முள் நான்கு சிலிண்டரிலும் எண்பதோடு படுத்துக்கொண்டது.

"லேத்துல போரைப் பெருசா இழுத்துவிட்டுட்டாங்கண்ணே. பாயைக் கூப்பிடுங்க, நாக்கைப் பிடுங்குற மாதிரி நாலு கேள்வி கேக்கணும்" என்றாள் முத்துலட்சுமி.

பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளையைத்தான் போர் என்போம்; அதைக் கடைந்தது சுலைமான் பாய். செல்லூரில் லேத் வைத்திருக்கிறார். கம்ப்ரஷன் இல்லையென்றால் எங்கள் தொழிலில் மெக்கானிக் லேத்காரரைச் சொல்வார், லேத்காரர் ரிங் விற்ற கடையைச் சொல்வார், கடைக்காரர் மெக்கானிக்கைச் சொல்வார். வண்டி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். பாய் போனில் விஷயத்தைக் கேட்டதும், ஓடிக்கொண்டிருந்த மிஷினை நிறுத்திவிட்டு வந்துவிட்டார்.

"எண்ணெய் விட்டுப் பாத்தியா மாப்ள?"

அதைத்தான் செய்யவிருந்தேன். பிளக் ஓட்டை வழியாக ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி கேஜ் வைக்க வேண்டும். முள் ஏறாவிட்டால் குறை மேலே, வால்வில். ஏறிவிட்டால், எண்ணெய் அடைத்த கசிவு கீழே; ரிங்கில், இல்லாவிட்டால் பாய் கடைந்த போரில்.

முள் விறுவிறுவென்று ஏறியது. எனக்குப் பாயின் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. அவரே பேசினார்.

"அப்ப என் பக்கம்தான் வருது. போரு தப்புன்னா என் செலவுலயே சரி பண்ணித் தாரேன் தாயி. நாளைக்கு என் மச்சான் வண்டி வரும், எடுத்துக்கிட்டுப் போ. கல்யாணப் பொண்ணு காத்துக் கெடக்கக் கூடாது."

முத்துலட்சுமி தயாராக வைத்திருந்த நாலு கேள்வியையும் விழுங்கிவிட்டாள்.

பாய் கழற்றிவைத்த பிளக்கை எடுத்து முகர்ந்தார். பெட்ரோலில் ஊறியிருந்தது. "இன்ஜின் ஏத்தி எம்புட்டு நாளாச்சு?"

"ஆனி கடைசியில பாய்" என்றாள் முத்துலட்சுமி. "ஆடியில முதல் ஸ்டார்ட் போடக் கூடாதுன்னு எங்க அத்தை ஒத்தைக் கால்ல நின்டாங்க. அப்படியே போட்டு வச்சிட்டோம்."

பாய் சிரித்துவிட்டார். "ஆடி முழுக்க இந்தத் தகர செட்டு வெக்கையில சும்மா கெடந்தா ஆயிலு எப்படி நிக்கும்? எல்லாம் கீழ எறங்கிருச்சு. ஒட்டிக் கெடந்ததையும் காலையில செல்ஃப் அடிச்சு அடிச்சு பெட்ரோலால கழுவிட்டீங்க. ரிங்கு காஞ்சுபோயிருக்கும் மாப்ள. பிரிக்காத. ஓட விட்டுப் பாப்போம்."

மறுபடி பெட்ரோல் வந்து கழுவாதபடி பெட்ரோல் பம்ப் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, பிளக் இல்லாமல் செல்ஃப் அடித்து ஆயிலைப் பரவவிட்டோம். பிளக்குகளைத் துடைத்துக் காயவைத்து மாட்டினேன். பேட்டரி களைத்திருந்தது, வேறு வைத்தேன். ஃபியூஸைப் போட்டதும் முத்துலட்சுமி சாவியைத் திருகினாள். இரண்டு முறை இருமிவிட்டு இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஷெட் முழுக்க நீலப் புகை. அவள் ஸ்டியரிங்கிலேயே தலையைச் சாய்த்து அழுதுவிட்டாள்.

நான் பாய்க்குக் கைகொடுக்கப் போனேன். பாய் தடுத்தார். "இரு மாப்ள. இது நாம ஊத்துன எண்ணெயோட வேலை. அது எரிஞ்சப்புறம் பாத்தாத்தான் என் போரு யோக்கியமான்னு தெரியும்."

புகை அடங்கி இன்ஜின் நன்றாகச் சூடானதும், ஆயில் விடாமல் மறுபடி கேஜ் வைத்தோம். நான்கும் நூற்றைம்பதைத் தாண்டி நின்றன. அப்புறம்தான் பாய் டீ சொன்னார். இத்தனை வருடத் தொழிலில் இப்படி ஒரு மனுஷனை நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை முத்துலட்சுமி வண்டி எடுக்க வந்தபோது, பாயின் மச்சான் வண்டி கழுவித் துடைத்து என் வாசலில் நின்றது. பாயும் அதில் உட்கார்ந்திருந்தார்.

"இதெதுக்கு பாய்? அதான் ஓடுதே" என்றேன்.

"ஓடுது. வழியில மக்கர் பண்ணுச்சுன்னா? நேத்து நான் சொன்ன சொல்லு ஒண்ணு இருக்குல்ல."

முத்துலட்சுமியின் கார் முன்னால் போக, அந்த வண்டி சும்மாவே மேலூர் வரை பின்னால் போய்த் திரும்பியது.

கம்ப்ரஷன் இல்லாத வண்டி வந்தால் இப்போதெல்லாம் முதலில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுப் பார்க்கிறேன். யாரைத் திட்டுவது என்பதை அப்புறம் யோசித்துக்கொள்ளலாம். அப்படி யோசிக்கும்போது பெரும்பாலும் யாரையும் திட்ட வேண்டியிருப்பதில்லை.