பேய்க்கு அத்தையின் முகம்

நாங்கள் செய்த கம்ப்யூட்டர் விளையாட்டில் பேய்க்கு முகம் கொடுத்தது நான்தான், தோழி அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் வந்த சண்டையில் குற்றத்தை அவள் தலையில்தான் போட்டேன்.

தோழி ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. நான் ராஜபாளையம். கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் படித்த நான்கு வருஷமும் இருவருக்கும் ஒரே காலேஜ் பஸ். ராஜபாளையத்தில் ஏறும்போதே பக்கத்து இருக்கையில் பையை வைத்து அவளுக்கு இடம் பிடித்துவிடுவேன். அவள் ஏறியதும் ஆளுக்கொரு காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பேய் விளையாட்டு வீடியோக்கள் பார்ப்போம். படிப்பு முடிந்ததும் அவளுக்கு வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை கிடைத்தது. நான் ராஜபாளையத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் சேர்ந்தேன். ஞாயிறுதோறும் பஸ் ஏறி அவள் வீட்டு மாடிக்குப் போய்விடுவேன். பின்வீட்டில் பால்கோவா கிண்டுவார்கள். மாடியறை முழுக்கப் பால் சுண்டும் வாடையும் புகையும் வரும் என்பதால் ஜன்னலைச் சாத்தியே வைத்திருப்போம். சாத்திய அந்த அறையில், பட்டப்பகலில், எங்கள் விளையாட்டைச் செய்ய ஆரம்பித்தோம்.

விளையாட்டு இதுதான். மூடிக் கிடக்கும் ஒரு நூற்பு மில். விளையாடுபவர் அதற்குள் திருட்டுத்தனமாக நுழைகிறார். உள்ளே ஐந்து கம்ப்யூட்டர்கள். ஒவ்வொன்றின் பாஸ்வேர்டையும் உடைத்து, அதிலிருக்கும் கோப்பை எடுக்க வேண்டும். உடைப்பதற்கு வரிவரியாக டைப் அடிக்க வேண்டும். அடிக்கும்போது கண் திரையில்தான் இருக்கும், முதுகுக்குப் பின்னால் பார்க்க முடியாது. மில்லுக்குள் ஒரு பெண் பேய் நடக்கிறது. அதற்குக் கண் தெரியாது, டைப் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்கும். சத்தம் கேட்ட இடத்துக்கு அது வரும். பாதியில் விட்டு ஓடினால் அடித்ததெல்லாம் அழிந்துபோகும், மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்க வேண்டும்.

மில்லையும் பேயையும் சொன்னது நான். ஹேக்கிங் பகுதி முழுக்க அவள் வேலை.

எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது அப்பாவின் தங்கை மில்லில் செத்துப்போனாள். ஓடுகிற மெஷினில் முடி சிக்கிக்கொண்டது. அத்தைக்கு அவ்வளவு முடி. அப்பாவும் அதே மில்லில்தான், ஆபீஸ் கிளார்க். அத்தை தலையில் துணி கட்டாமல் வேலைக்குப் போனாள், அவள் அசட்டைதான் அவளைக் கொன்றது என்று எல்லோரும் சொன்னார்கள். எங்கள் வீட்டிலும் அதையே சொன்னார்கள். என் தலையைப் பின்னும்போதெல்லாம் அம்மா அதைச் சொல்லி இறுக்கிப் பின்னுவாள். அத்தையின் புருஷன் ஒரு வருஷத்துக்குள் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டு திருப்பூர் போய்விட்டார். அத்தை மகன் எங்கள் வீட்டுக்கு வந்தான். என்னைவிட இரண்டு வயது பெரியவன். மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். ஆனால் ஒரே தட்டில் அடித்துப் பிடித்துத் தின்று வளர்ந்ததால் எங்களுக்குக் கல்யாணப் பேச்சு எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. எங்களுக்கும் தோன்றவில்லை.

காலேஜில் மூன்றாவது வருஷம், வருமானச் சான்று தேடி அப்பாவின் பீரோவைக் குடைந்தபோது ஒரு கார்பன் நகல் கையில் கிடைத்தது. விபத்து நடந்த அன்று அத்தை தலைத்துணி இல்லாமல் வந்தாள், சூப்பர்வைசர் கண்டித்தும் கேட்கவில்லை என்று அதில் டைப் அடித்திருந்தது. நேரில் பார்த்ததாகச் சாட்சிக் கையெழுத்து அப்பாவுடையது. அப்பா அன்றைக்கு மில்லிலேயே இல்லை. எனக்கு அம்மை போட்டிருந்ததால் லீவு எடுத்து வீட்டில் இருந்தார். என் கட்டிலுக்குப் பக்கத்தில் அவர் வேப்பிலையோடு உட்கார்ந்திருந்தபோதுதான் ஆள் வந்து கூப்பிட்டது. அது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

தாளை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன்.

"அத்தை துணி கட்டலன்னு நீங்க பாத்தீகளா?"

அவர் தாளை வாங்கவில்லை. தூரத்திலிருந்தே என்னவென்று தெரிந்துகொண்டார்.

"மெஷினுக்கு மேல போடுற மூடி நாலு நாளாக் கழண்டு கெடந்துச்சு. அம்புட்டுப் பேருக்கும் தெரியும்" என்றார்.

"பொறவு ஏன் இப்படி எழுதுனீக?"

"மில்லுல அடிக்கச் சொன்னாக, அடிச்சேன். போட்ட எடத்துல வச்சிரு. அவன் கண்ணுல பட்ற வேண்டாம்."

டைப் அடித்ததும் அவர்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. தாளை எடுத்த இடத்திலேயே வைத்தேன். மச்சானிடம் சொல்லவில்லை.

ஆக, எங்கள் விளையாட்டில் பேய் டைப் சத்தத்துக்கு வருவது ஏனென்று எனக்கு மட்டும் தெரியும். ஐந்து கோப்புகளையும் நான் எழுதினேன். முதல் நான்கில் மில்லின் அன்றாடக் கணக்கு வழக்கு, புகார்கள், கழன்ற மூடியைப் பற்றி யாரோ எழுதிப்போட்ட ஒரு சீட்டு. ஐந்தாவதில் அந்தச் சாட்சி அறிக்கை. அதை எடுத்துவிட்டால் பேய் நின்றுவிடும். வந்து பக்கத்தில் நிற்கும், ஒன்றும் செய்யாது. விளையாட்டு அதோடு முடியும்.

பேயின் முகத்துக்கு அத்தையின் போட்டோவைக் கொடுத்தேன். வீட்டில் இருக்கிற ஒரே நல்ல போட்டோ, ஆண்டாள் கோயில் தேருக்குப் போனபோது ஸ்டூடியோவில் எடுத்தது. நடையையும் நான்தான் கொடுத்தேன். அத்தை வலது தோளைச் சற்றுச் சாய்த்து, இடது காலை லேசாக வீசி நடப்பாள். தோழியின் மாடியில் அப்படியே நடந்து காட்டினேன். அவள் அதைப் படமெடுத்துப் பேய்க்குப் பொருத்தினாள். திரையில் முதல்முறை அது நடந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமையை மறைக்க முடியாது.

ஒன்றரை வருஷம் போயிற்று. வெளியிடுவதற்கு முன்னால் சிலரை விளையாடச் சொல்லிப் பார்த்தோம். ஒருவர்கூடக் கோப்புகளைப் படிக்கவில்லை. திறந்ததும் மூடிவிட்டு அடுத்த கம்ப்யூட்டருக்கு ஓடினார்கள்.

"ஏட்டி, இதைத் தூக்கிருவோம். பேய் தொரத்துறப்ப எவன் உக்காந்து மில்லு லெட்டர் படிப்பான்? பாஸ்வேர்ட உடைச்சா கதவு தொறக்கட்டும். அஞ்சாவது கதவு தொறந்தா வெளிய போயிரலாம். போதும்" என்றாள் தோழி.

"அப்ப அது ஏன் பேயாச்சுன்னு தெரியாதே?"

"பேய்க்கு எதுக்குட்டி காரணம்?"

சரி என்றேன். ஒரு வாதம்கூடச் செய்யவில்லை. கோப்புகள் போனதும் எனக்குள் இருந்த ஏதோ ஒரு பாரம் இறங்கியதை உணர்ந்தேன். அப்பா செய்தது இனி அதில் இல்லை. மச்சான் எப்போதாவது பார்த்தாலும் அவனுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. மிச்சமிருந்தது முடி விரித்து வரும் ஒரு பெண், அவ்வளவுதான். எல்லா ஊர்ப் பேயும் போல ஒரு பேய்.

வெளியிட்டோம். முதல் இரண்டு மாதம் யாரும் சீண்டவில்லை. பிறகு தமிழில் பேசிக்கொண்டே விளையாடிக் காட்டுகிற ஒருவன் எங்கள் விளையாட்டை எடுத்தான். பேய் வரும்போதெல்லாம் அலறுவான், அலறி முடித்ததும் சிரிப்பான். பேய்க்கு அவனே ஒரு பட்டப்பெயர் வைத்தான், ஷாம்பு அக்கா என்று. பார்த்தவர்கள் எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். முடியை வைத்து நூறு விதமான கேலி. தோழி ஒவ்வொன்றாக எனக்கு அனுப்புவாள், கூடவே சிரிக்கிற பொம்மை முகங்கள். நானும் சிரிக்கிற பொம்மை முகங்களைத் திருப்பி அனுப்பினேன்.

மச்சான் ராஜபாளையத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். நானும் தோழியும் ஏதோ கேம் செய்கிறோம் என்பது மட்டும் அவனுக்குத் தெரியும். கடைக்கு வருகிற காலேஜ் பையன்கள் யாரோ அவனிடம் அந்த வீடியோவைக் காட்டியிருக்கிறார்கள். ஒருநாள் மதியம் எனக்குப் போன் செய்தான்.

"கடைக்கு வந்துட்டுப் போ. ஒண்ணு காட்டணும்."

ஆபீஸில் சொல்லிவிட்டுப் போனேன். கடையில் ஆள் இல்லை. கம்ப்யூட்டரில் எங்கள் விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவன் எதையும் உடைக்கவில்லை, ஓடவில்லை. மில்லின் நடுவில் நின்றுகொண்டு ஒரே ஒரு எழுத்தை மட்டும் தட்டிக்கொண்டே இருந்தான். தூரத்திலிருந்து அது வந்தது, வலது தோளைச் சாய்த்து. கிட்டே வந்து திரை முழுக்க முகம் நிறைந்தது. திரை கறுத்தது. மறுபடி ஆரம்பித்தான். மறுபடி ஒரு எழுத்தைத் தட்டினான்.

"மொதல்ல நடை தெரிஞ்சுது. பொறவுதான் மூஞ்சி" என்றான்.

நான் ஏதோ விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். கதைக்குத் தேவைப்பட்டது, யாருக்கும் தெரியாது, பெயர் எங்கும் போடவில்லை என்று. அவன் கேட்டானா என்று தெரியவில்லை.

"அம்மாவுக்குப் பல்லின்னாக்கூடப் பயம். பல்லி விழுந்தா என்னத்தான் கூப்புடும்" என்றான். பிறகு, "சரி, நீ போ. ஆபீஸுக்கு நேரமாகும்" என்றான்.

அவன் கோபப்படவில்லை. என்னால் தாங்க முடியாதது அதுதான். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அன்று சாயங்காலமே ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். தோழியின் மாடிக்குப் போய், முகத்தை எடு, நடையை எடு, இப்போதே எடு என்று கத்தினேன்.

அவள் பொறுமையாகத்தான் ஆரம்பித்தாள். "நீதானே குடுத்த? நான் கேட்டேனா? ஒங்க அத்தைன்னு ஒரு வார்த்தை எங்கிட்டச் சொன்னியா?"

சொல்லவில்லை. பழைய போட்டோ, யாரோ தூரத்துச் சொந்தம் என்றுதான் சொல்லியிருந்தேன். ஆனாலும் அவளை விடவில்லை. செத்தவளை வைத்துப் பிழைக்கிறாய் என்றேன். அவள் முகம் அப்படியே மாறிப்போனது. கீழே அவள் அம்மா என்ன சத்தம் என்று கேட்டார்கள்.

"எடுத்துருதேன். எல்லாத்தையும் எடுத்துருதேன். பொறவு இந்தப் படி ஏறாத" என்றாள் தோழி.

பஸ்ஸில் திரும்பும்போதே அவளுக்கு எழுதி அனுப்பினேன்: போட்டோ, நடைக் காட்சி, பழைய பதிப்பு, எதுவும் எங்கேயும் மிச்சம் இருக்கக் கூடாது. என் லேப்டாப்பில் இருந்ததையும் அன்றே அழித்தேன். இரண்டு வாரத்தில் விளையாட்டின் புதுப் பதிப்பு வந்தது. பேய்க்கு இப்போது முகமே இல்லை, வெள்ளையாக ஒரு தகடு. நடப்பதும் இல்லை, நாலு காலில் ஊர்ந்து வந்தது. விளையாடுகிறவர்கள் முன்பைவிட இதற்குத்தான் அதிகம் அலறினார்கள் என்று கேள்விப்பட்டேன். நல்லது ஒன்று செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு மச்சானின் கடைக்குப் போனேன்.

அவன் ஒரு போனைக் கழற்றி வைத்திருந்தான். நான் உட்காருவதற்குள் கேட்டான்.

"பழசு உங்கிட்ட இருக்கா?"

"எது?"

"அந்த கேமு. பழசு. இங்க தானா அப்டேட் ஆயிருச்சு. நெட்ட ஆஃப் பண்ணி வச்சிருக்கணும், மறந்துட்டேன்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அத்தை சாகும்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது. அவனிடம் இருப்பது அந்த ஒரே போட்டோ. எங்கள் விளையாட்டைத் தவிர வேறெங்கும் அவள் நடந்து அவன் பார்த்ததில்லை, அவள் போன இத்தனை வருஷத்தில். தினமும் மதியம் ஆளில்லாத நேரத்தில் அதைப் போட்டுவிட்டு, ஒரு எழுத்தைத் தட்டித் தட்டி, அவளை வரவழைத்துப் பார்த்திருக்கிறான். எடுக்கச் சொல்லி அவன் என்னிடம் ஒருமுறையும் கேட்கவில்லை. எடுக்கவா என்று நானும் அவனைக் கேட்கவில்லை.

"அழிச்சாச்சு மச்சான்" என்றேன்.

"ஒன் கூட்டாளி கிட்ட?"

"அவகிட்டயும் இருக்காது. நான்தான் அழிக்கச் சொன்னேன்."

அவன் ஸ்க்ரூ கழற்றும் திருப்புளியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான்.

தோழிக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. எழுதிக் கேட்டேன். 'நீ அழிக்கச் சொன்ன, அழிச்சிட்டேன்' என்று ஒரே வரி வந்தது. அவள் பொய் சொல்லும் ஆள் இல்லை. அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு இல்லை.

முகத்துக்காக அவ்வளவு கத்திய நான், அந்தக் கோப்புகளுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை என்பது இப்போது அடிக்கடி நினைவுக்கு வருகிறது. துணி கட்டாமல் போய்த்தான் அம்மா செத்தாள் என்று மச்சான் இன்றுவரை நம்புகிறான். தீபாவளிக்கு வந்து அப்பாவின் காலில் விழுந்து எழுகிறான். அப்பா திருநீறு பூசுகிறார். நான் அடுப்படியில் நின்றுகொண்டு அதைப் பார்க்கிறேன்.

போன மாதம் சார்ஜர் வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். போட்டோவை அசைய வைக்கிற ஆப் ஒன்று வந்திருக்கிறது என்று தன் போனை நீட்டினான். அத்தையின் ஸ்டூடியோப் போட்டோ. அவள் தலையைத் திருப்பினாள், கண்ணைச் சிமிட்டினாள், வாயைத் திறந்து வரிசையான வெள்ளைப் பற்களோடு சிரித்தாள். அத்தைக்கு முன்பல் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும். அதனால் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பாள்.

"இது யாரோ" என்றான். அழித்துவிட்டான்.

நான் ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. அதற்குள் ஒரு பெரியவர் உடைந்த போனோடு வந்து, கண்ணாடி மாற்ற எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார். அரைமணி நேரம் என்றான் மச்சான். சார்ஜரை ஒரு கவரில் போட்டு என் பக்கம் தள்ளிவிட்டு, விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு குனிந்தான்.