மார்க் மாதத்துக் குழம்பு

வருஷத்தில் ஒரு மாதம் எங்கள் துணிக்கடையில் எனக்கு யாரும் குழம்பு தர மாட்டார்கள்.

மற்ற மாதங்களில் மேல்மாடி ஸ்டாக் ரூமில் பெண்களெல்லாம் வட்டமாக உட்கார்ந்து, குழம்பையும் பொரியலையும் மாற்றிக்கொள்வோம். தை பிறந்தால் சூப்பர்வைசரான நான் எல்லோருடைய வேலைக்கும் மார்க் போட வேண்டும். அப்போது யாராவது எனக்கு ஒரு துண்டு கருவாடு வைத்தால் போதும், “இன்னாடி, மார்க்குக்கா?” என்று ஆரம்பித்துவிடுவார்கள். அந்தக் கேலிக்குப் பயந்து வட்டமே தள்ளிப் போய்விடும். நான் துணி மூட்டையோரம் தனியாகச் சாப்பிடுவேன். முதலாளிக்கு இதெல்லாம் தெரியாது. அவருக்கு மார்க் வந்தால் சரி.

பட்டுப் பிரிவில் ஒருத்தி மட்டும் எந்த மாதத்திலும் என்னை விட்டதில்லை. கச்சிராயபாளையம் பஸ்ஸில் வருவாள். யார் சிரித்தாலும் என் பக்கத்தில்தான் டப்பாவைத் திறப்பாள்.

போன தையில் அவளும் என் பக்கத்திலிருந்து எழுந்துவிட்டாள். சின்னசேலத்தில் திறக்கப்போகும் புதுக் கிளைக்கு, மார்க் ஜாஸ்தி வாங்குகிறவள்தான் சூப்பர்வைசர் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

“நா உங்கூட சாப்ட்டுக்கினு இருந்தா, நீ நெசமா போட்டாக்கூட குழம்புக்குப் போட்டன்னுதான் பேசுவாளுங்க. இந்த மாசம் போவட்டும்க்கா.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னதில் என்ன தப்பு?

சரியாகப் போட்டால் அவள் போய்விடுவாள். கொஞ்சம் குறைத்தால் என் பக்கத்திலேயே இருப்பாள். யாருக்கும் தெரியப்போவதுமில்லை. இரண்டு நாள் அந்த ஆசையோடு மல்லுக்கட்டினேன். மூன்றாம் நாள், எந்தப் புடவையைக் காட்டினாலும் முகம் சுளித்த ஒரு மாமியாரை அவள் சிரிக்க வைத்துப் பையோடு அனுப்பியதைப் பார்த்தேன். குறைத்துப் போடக் கை வரவில்லை. முழு மார்க் போட்டேன்.

மாசியில் அவள் சின்னசேலம் போனாள். வட்டம் மறுபடி கூடியது, என் தட்டிலும் குழம்பு விழுந்தது. எனக்குத்தான் இறங்கவில்லை.

இதோ, மறுபடியும் தை. நேற்று மதியம் போன் வந்தது.

“இன்னாக்கா பண்ற?”

“சாப்ட்டுக்கினு இருக்கேன்.”

“தனியாவா?”

“மார்க் மாசமாச்சே.”

அவள் சொன்னாள்:

“இங்கயும் மார்க் மாசந்தான். பழக்கத்துல இன்னிக்கும் குழம்பு ஜாஸ்தியா கொண்டாந்துட்டேன்க்கா. யாருக்கு ஊத்தறதுன்னு தெரியல.”