பச்சை மூடி போட்ட டயர்

என் வீட்டுக்காரர் அந்தப் பழைய காரை வாங்கிய அன்றே நாலு டயரிலும் நைட்ரஜன் நிரப்பி, அதற்கு அடையாளமாக வால்வில் பச்சை மூடி போட்டுக்கொண்டு வந்தார். "பிளேன் டயர்லயே இதான் போடுறாங்க, தெரியுமா?" என்று தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. சாதாரணக் காற்று கலந்தால் டயர் வெடித்துவிடும் என்று யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள். அதிலிருந்து நைட்ரஜன் போர்டு இல்லாத பங்க்கில் டயரைத் தொடவிட மாட்டார். எனக்குச் சிரிப்புதான் வரும்.

ஒரு மத்தியானம் எங்கள் ஐந்து வயது மகளுக்கு வீசிங் வந்தது. இன்ஹேலர் அடித்தும் கேட்கவில்லை. வழக்கமாகப் பார்க்கும் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தோம். உடனே கொண்டுவரச் சொன்னார்கள்.

ஆம்பூரிலிருந்து கிளம்பி, பள்ளிகொண்டா வருவதற்குள் கார் ஒரு பக்கம் இழுத்தது. பின் டயர் பாதி இறங்கியிருந்தது. ஸ்டெப்னி எப்போதோ செத்துப்போயிருந்தது. எப்படியோ உருட்டிக்கொண்டு ஒரு பங்க்கில் நுழைந்தார். நைட்ரஜன் போர்டு இருந்தது, மெஷின் ரிப்பேர். பக்கத்திலேயே சாதாரணக் காற்றுக் குழாய் தொங்கியது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அடுத்த பங்க்ல பாத்துக்கலாம்" என்றார்.

என் மடியில் மகளின் விலா உள்ளே போய்ப் போய் வந்தது. உதடு ஊதாவாகிக்கொண்டிருந்தது. அந்த நிமிஷம் அந்த மனுஷனைக் கொன்றுவிடலாம் போலிருந்தது. பிள்ளையை அவர் கையில் திணித்துவிட்டு இறங்கினேன். ஷூ கம்பெனியில் தினமும் ஏர் கன் பிடித்துத் தோல் தூசியை ஊதுகிற கை என்னுடையது. பச்சை மூடியைத் திருகி எறிந்துவிட்டுக் குழாயைச் செருகினேன்.

"வாணாம், கை வெக்காத! ரெண்டும் கலந்தா ரோட்லயே வெடிச்சிடும்!"

"வெடிக்கட்டும்! மூணு பேரும் ஒண்ணா போய்ச் சேரலாம்!"

மனதாரத்தான் கத்தினேன். பங்க்கே திரும்பிப் பார்த்தது. காற்று ஏறியதும் பிள்ளையைப் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டேன். அவர் வண்டியை எடுத்தார். ஒவ்வொரு குலுக்கலுக்கும் தோளைக் குறுக்கிக்கொண்டார். எனக்கு ஆத்திரம் இன்னும் ஜாஸ்தியானது.

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் மாஸ்க் வைத்தார்கள். சாயங்காலம் அவள் மூச்சு ஒரு வழிக்கு வந்த பிறகு அவர் எழுந்து வெளியே போனார். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"டயர்ல காத்து அப்டியே நிக்குது" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெடிக்கும், வெடிக்கும் என்று முழுசாக நம்பிக்கொண்டேதான் அந்த மனுஷன் வேலூர் வரைக்கும் நூறில் மிதித்திருக்கிறார்.