வியாழக்கிழமைகளில் காரை விட்டு இறங்குபவர்

கதவைத் திறந்ததும் முதலில் இடது காலைத் தரையில் வைப்பார். பிறகு துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, லைசென்ஸை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி, பின்னால் சிவப்பும் நீலமுமாக விளக்கு சுழலும் போலீஸ் காரை நோக்கி விறுவிறுவென்று நடப்பார். இந்திராதேவி அக்காவின் வியாழக்கிழமைக் காலைகள் இப்படித்தான் போகின்றன. ஒரு காலைக்குப் பன்னிரண்டு தடவை.

டல்லாஸுக்கு வடக்கே சீடர் ஹாலோ கவுன்டியின் ஷெரிஃப், அதாவது அந்த வட்டாரப் போலீஸின் தலைவர், தன் ஆட்களைப் பழக்கும் மைதானம் அது. டெபுட்டி எனப்படும் காவலர்கள் ஒவ்வொருவராக வந்து அக்காவின் காரை நிறுத்த வேண்டும். அக்கா இறங்கி வருவார். துப்பாக்கிப் பக்கம் கையைக் கொண்டுபோகாமல் அவரைச் சமாளிக்க வேண்டும். கை போய்விட்டால் அக்கா அப்படியே நின்று, "அகெய்ன்" என்பார். ஆறடிப் பையன் தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போய் மறுபடி முதலிலிருந்து வருவான்.

அக்காவுக்கு அறுபத்தொரு வயது. உயரம் ஐந்தடிக்கும் குறைவு. குஷன் போட்டு உட்கார்ந்தால்தான் ரோடு தெரியும். மற்ற நாட்களில் ஆலன் நகரில் ஒரு கிளினிக்கில் ரத்தம் எடுக்கும் வேலை. அதனால் ஆட்களைக் கையைப் பார்த்துத்தான் எடைபோடுவார். "அந்த உயரமான பொடியன் நல்ல பிள்ளை. ஆனா கை நடுங்குது. பயந்தவன்ர கையாலதான் பிள்ளை, எல்லாப் பிழையும் நடக்கிறது." யாராக இருந்தாலும் அவருக்குப் பிள்ளைதான். பக்கத்து வீட்டில் இருக்கும் நானும் நாற்பத்தைந்து வயதில் பிள்ளை.

அமெரிக்காவில் போலீஸ் நம் காரை நிறுத்தினால் இறங்கவே கூடாது. கை இரண்டும் ஸ்டீயரிங் மேல் இருக்க வேண்டும். இறங்கி நடந்தால் தாக்க வருகிறோம் என்று நினைத்துவிடுவார்கள். நம் ஆட்களுக்கு இது எளிதில் வராது. அதிகாரி நடந்து வர, நாம் உள்ளே உட்கார்ந்திருப்பதா? அது திமிர் இல்லையா? என் மாமனாரே சீட் பெல்ட்டைக் கழற்றப் பார்த்து என்னிடம் திட்டு வாங்கியிருக்கிறார். அக்காவுக்கு மரியாதைக்கு மேலே இன்னொரு காரணமும் உண்டு. யாழ்ப்பாணத்தில் அவருடைய இளவயது முழுக்கச் சோதனைச் சாவடிகள். பஸ்ஸிலிருந்து எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்து வரிசையாக நடக்க வேண்டும். "இறங்காட்டி என்ன நடக்குமெண்டு எங்களுக்குத் தெரியும்" என்பார். அதற்கு மேல் சொல்லமாட்டார், நானும் கேட்டதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் பிரேக் லைட் எரியவில்லை என்று அவரை நிறுத்தினார்கள். பட்டப்பகல். அக்கா இறங்கி நடந்தார். அந்த டெபுட்டி துப்பாக்கியை நீட்டிக் கத்தினான். கொதிக்கிற தார் ரோட்டில் குப்புறப் படுக்கவைத்துக் கைவிலங்கு போட்டான். லைசென்ஸைக் காட்ட வந்த ஒரு மனுஷிக்கு! இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அன்றோடு அக்கா கார் ஓட்டுவதை விட்டார். டெக்சஸில் கார் இல்லாவிட்டால் ஒரு ரொட்டி வாங்கவும் ஆள் வேண்டும். கணவர் ஞானேஸ்வரன் கொண்டுபோய் விட்டு, கூட்டிவந்தார். "கோயிலுக்குப் போகவும் ஆளைக் கேட்டு நிக்கிறன்" என்று என்னிடம் ஒருநாள் அழுதார்.

ஷெரிஃபையும் இங்கே ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுப்பார்கள்; போன தேர்தலில் ஆள் மாறினார். புதியவர் நூலக ஹாலில் கூட்டம் போட்டு, மனக்குறையைச் சொல்லுங்கள் என்றார். ஆளாளுக்குத் திட்டித் தீர்த்தார்கள். அக்கா எழுந்து தன் ஆங்கிலத்தில் சொன்னது இவ்வளவுதான்: "மறிச்சா நான் திரும்பவும் இறங்குவன். என்ர கால் என்ர சொல் கேக்காது. நீங்கள் உங்கட ஆக்களைப் பழக்குங்கோ." அப்படியானால் நீங்களே வந்து பழக்குங்கள் என்றார் அவர். முதல் வியாழன் அக்கா மைதானத்துக் கழிப்பறையில் வாந்தி எடுத்தார். மூன்றாவது வியாழன் டெபுட்டிகளுக்கு உளுந்து வடை கொண்டுபோனார்.

இதற்கிடையில் கோயில் ஹாலில் நம் ஆட்களுக்கும் வகுப்பு எடுத்தார். "இறங்காதேங்கோ. கையை ஸ்டீயரிங்கில வைச்சுக்கொண்டு இருங்கோ." மெல்ல மெல்லத் தானும் ஓட்டத் தொடங்கினார். ஆனால் மைதானத்தில் இருப்பது வேஷம். நிஜ ரோட்டில் நிஜ போலீஸ் நிறுத்தினால் என்ன ஆகும் என்ற பயம் அவருக்கும் இருந்தது, பக்கத்தில் உட்கார்ந்து போகிற எனக்கும் இருந்தது.

போன மாதம் அது நடந்தேவிட்டது. இந்தியக் கடைக்குப் போகும் வழியில் பின்னால் விளக்கு சுழன்றது. "அக்கா, இறங்காதீங்க!" என்று நான் கத்தி முடிப்பதற்குள் இடது கால் வெளியே போய்விட்டது. நாற்பது பேருக்கு வகுப்பெடுத்த மனுஷி!

வந்தவர் நரைத்த மீசைக்காரர். அக்கா நெஞ்சுக்கு நேரே லைசென்ஸோடு நடந்தார். டெபுட்டி நின்றார். இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டி, இரண்டடி பின்னால் போனார். "மேம், ஒன்றும் பயமில்லை. அங்கேயே நின்று பேசலாமா, உள்ளே உட்கார்ந்துகொள்கிறீர்களா?" என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார். அக்கா லைசென்ஸை இறக்கினார். பிறகு வந்து உட்கார்ந்தார். கார் பதிவு முடிந்து பத்து நாள் ஆகிறது, புதுப்பித்துவிடுங்கள், அவ்வளவுதான். ஏன் நிறுத்தினார், அவர் பெயர் என்ன, குறை இருந்தால் எந்த எண்ணில் சொல்வது என்று எழுதிய சீட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அது புது ஷெரிஃபின் விதி.

அப்பாடா என்று சாய்ந்த நான் அழுதுகொண்டிருந்தேன்.

"இறங்கீட்டன், என்ன?" என்றார் அக்கா.

"இறங்கிட்டீங்க."

"சுடேல்லை."

"சுடல அக்கா."

அக்கா சிரித்தார். சிரிப்பு நிற்கவே சில நிமிடம் ஆனது. அரசாங்கத் தாள் எதையும் மடிக்கக்கூட மாட்டார் அவர். யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போக வாங்கிய, முப்பது வருஷத்துக்கு முந்தைய பயண அனுமதிச் சீட்டுகள்கூட இன்றும் அவர் கைப்பையில் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கின்றன. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டெபுட்டி கொடுத்த சீட்டை ஒரு தடவை படித்தார். என்னிடம் பேனா வாங்கினார். சீட்டைத் திருப்பி ஸ்டீயரிங் மேல் வைத்து, வாங்க வேண்டியதை எழுத ஆரம்பித்தார்: செத்தல் மிளகாய், உள்ளி, கறிவேப்பிலை இரண்டு கட்டு.