அக்கா பீரியடும் அவிச்ச மல்லாட்டையும்

உப்புத் தண்ணீரில் வெந்த மல்லாட்டை, எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர்... வாளி மூடியைத் திறந்ததும் ஆவியோடு வருமே, அந்த வாசனை. எங்கே வந்தாலும் எனக்குத் திண்டிவனத்தில் படித்த பெண்கள் பள்ளியின் சைக்கிள் ஸ்டாண்டுதான் ஞாபகம் வரும்.

புதன்கிழமை கடைசி பீரியட். மேரி அக்கா ஸ்கூட்டியில் கால் வைக்கும் இடத்தில் அந்த வாளியை வைத்துக்கொண்டு வருவார். டீச்சர் இல்லை, அப்போதுதான் காலேஜ் முடித்துவிட்டுத் தானாகவே வந்தவர். ப்ளஸ் ஒன் அக்கா ஒருத்தி, ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தி என்று ஜோடி சேர்ப்பார். வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேச வேண்டும், அவ்வளவுதான். புத்தகம் திறக்கக்கூடாது என்றதும் எங்கள் ஹெச்.எம்.முக்குச் சந்தேகம்.

"பேசறதுக்கு இவளுங்களுக்குத் தனியா ஒரு பீரியட் வேற குடுக்கணுமா?"

இருந்தாலும் விட்டார். நாங்கள் சேர்ந்தது சேவை செய்ய இல்லை, மல்லாட்டைக்காகத்தான். அதில் எனக்கு இன்றைக்கும் வெட்கம் கிடையாது.

'அக்கா பீரியடு'க்கு ஒரே ஒரு சட்டம். அந்த வாரம் மனசைக் கஷ்டப்படுத்தியதைப் பெரியவள்தான் முதலில் சொல்ல வேண்டும். அப்புறம்தான் சின்னவள்.

"நீங்க வாயத் தெறக்காம கொழந்தய மட்டும் சொல்லு சொல்லுன்னா, அது எப்டி சொல்லும்?" என்பார் மேரி அக்கா.

எனக்கு வாய்த்தவள் அமுதா. எங்கள் கிளியனூருக்கு அடுத்த ஸ்டாப்பில் இறங்குகிறவள். ரெட்டைச் சடை, மூடாத வாய், பஸ்ஸில் கண்டக்டரையே பேஜார் பண்ணிவிடுவாள். ஆனால் புதன்கிழமை மட்டும், பெரிய மனுஷி மாதிரி மல்லாட்டையை உரித்துக்கொண்டே நான் சொல்வதையெல்லாம் கேட்பாள்.

அரைப் பரீட்சை முடிந்த சமயம். ஒரு நாள் சாப்பிடும்போது அப்பா சொன்னார்.

"திங்கக்கெழமையிலேர்ந்து ஷூ கம்பெனி வேனு வரும். போய்க்கினு இரு. படிச்சது போதும்மா."

காரணம் சொல்லவில்லை. அம்மா கேட்டதும் கை கழுவ எழுந்துவிட்டார். அப்பா திண்டிவனம் கமிட்டியில், நெல்லும் மல்லாட்டையும் ஏலம் போகும் மார்க்கெட்டில், மூட்டை தூக்குகிறவர். கோபக்காரர் இல்லை. அதனாலேயே அவரை எதிர்த்துப் பேச எனக்கு வராது. நர்ஸ் ஆகிவிடுவேன் என்று இருந்தவள் நான்... தட்டை அப்படியே தள்ளி வைத்தேன்.

புதன்கிழமை வந்தது. சட்டப்படி நான்தான் முதலில். அழுதுகொண்டே சொன்னேன். அமுதா உரித்து வைத்திருந்த மல்லாட்டையை அப்படியே என் கையில் கொட்டினாள்.

சாயந்திரம் பஸ் கிளியனூரில் நின்றதும் என் பின்னாலேயே அவளும் இறங்கிவிட்டாள். "ஏய், ஒன் ஸ்டாப்பு அடுத்ததுடி!" என்றேன். காதிலேயே வாங்கவில்லை. நேராக எங்கள் வீடு. அப்பா வாசலில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"அப்பா, அக்காவ ஏன் ஸ்கூல வுட்டு நிறுத்துறீங்க?"

"நீ யாரு பாப்பா?"

"அக்காவோட ஜோடி. நீங்கதான் மொதல்ல சொல்லணும்."

"என்னாத்த?"

"ஒங்களுக்கு இன்னா கஷ்டம்னு. பெரியவங்கதான் மொதல்ல சொல்லணும். அதான் சட்டம்."

எனக்கு உயிரே போய்விட்டது. அந்தச் சட்டம் சைக்கிள் ஸ்டாண்டுக்கு மட்டும்தான் என்று அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

அப்பா சிரித்துவிடுவார் என்று நினைத்தேன். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு அம்மாவைப் பார்க்காமல் சொன்னார்.

"இடுப்பு போயிடுச்சும்மா. மூட்ட தூக்க முடியல. கொஞ்ச நாளா கமிட்டிக்கே போவல... ஏரிக்கரையில ஒக்காந்துட்டு ஒக்காந்துட்டு வர்றேன்."

அம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். "இத்த எங்கிட்ட சொல்றதுக்கு இன்னாய்யா?" என்று திட்டித் தீர்த்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அமுதாவுக்குக் கேப்பை அடை சுட்டுக் கொடுத்தாள்.

மறுநாளே அப்பாவை விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். கொஞ்ச காலம் அம்மாவின் கூலியில் வீடு ஓடியது. அப்புறம் அப்பாவுக்கு ஒரு குடோனில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. ஆனால் அப்பா சொன்ன அந்தத் திங்கட்கிழமையே, ஷூ கம்பெனி வேன் வந்து ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டுப் போனபோது, நான் ஸ்கூலுக்குப் போகிற பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன்.

இதெல்லாம் இப்போது ஏன் ஞாபகம் வந்தது என்றால்... போன வாரம் விழுப்புரம் போயிருந்தேன். மேரி அக்காவின் ஸ்கூட்டியில் ஓடிய வேலைக்கு இன்று அங்கே ஆபீஸ், போர்டு, ப்ரொஜெக்டர் வைத்த ட்ரெய்னிங் ஹால் எல்லாம் இருக்கிறது. நடுவில் திண்டிவனத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் கொஞ்ச வருடம் ஓடியதாம். இப்போது பையன்கள் பள்ளிகளிலும் அக்கா பீரியடு நடத்துகிறார்கள். மேல்மலையனூர் பக்கம் அமாவாசை வந்தால் பிள்ளைகள் பாதிப் பேர் கோயில் கடைகளில் இருப்பார்கள் என்று, அங்கே மட்டும் பீரியடை வேறு நாளுக்கு மாற்றி வைக்கிறார்களாம். மல்லாட்டை போய் பிஸ்கட் பாக்கெட் வந்துவிட்டது. கையில் பிசுபிசுப்பு இல்லை, வாசனையும் இல்லை.

பழைய மாணவி, புதுச்சேரியில் நர்ஸ் என்று என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பெரிய பிள்ளைகளுக்கு ட்ரெய்னிங் கொடுப்பது யார் என்று நினைக்கிறீர்கள்? அமுதாதான். அவள் போட்ட முதல் ஸ்லைடே 'பெரியவங்கதான் முதலில்'.

டீ ப்ரேக்கில் மாடிப்படியில் பிடித்துக்கொண்டாள்.

"எப்டிக்கா இருக்க?"

"நல்லாத்தான்டி இருக்கேன்."

என்னையே பார்த்தாள். பிஸ்கட்டை உடைத்துப் பாதியை என் கையில் வைத்தாள்.

"நீதான்க்கா மொதல்ல."

"அப்பா போனப்புறம்... கிளியனூர் ஸ்டாப்புல எறங்கவே மனசு வரல அமுதா" என்றேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை.

மேலே ஹாலில் பிள்ளைகள் காத்திருந்தார்கள். அவள் படியில் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். அப்புறம், சட்டப்படி, அவள் ஆரம்பித்தாள்.