ஆற்றோடு நின்ற கோடு

நத்தையக்கா என்று கேட்டால்தான் அந்த ஆய்வு நிலையத்தில் வழி சொல்வார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளிகூடக் கையை விரித்துவிடுவார். ஐம்பத்தொரு வயது. இருபத்து மூன்று வருடமாக ஒரே வேலை. முழங்கால்வரை ரப்பர் காலணி போட்டுக்கொண்டு குளத்திலும் வாய்க்காலிலும் இறங்குவாள். நீளக் கைப்பிடி வைத்த சல்லடையால் அரை மணி நேரம் அரித்து, கிடைத்த நத்தைகளை எண்ணி நோட்டில் எழுதுவாள். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று மற்றவர்களைத்தான் கேலியாகச் சொல்வார்கள். அவளுக்கு அதுவே உத்தியோகம்.

கல்யாணப் பேச்சு இரண்டு தடவை வந்தது. பெண் என்ன வேலை பார்க்கிறாள் என்ற கேள்வியோடு இரண்டும் திரும்பிப் போயின. அப்பா அம்மா போன பிறகு நிலையத்துக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறைக்குக் குடிவந்தாள். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, சுவரை ஒட்டி ஒரு மேசை. ஞாயிற்றுக்கிழமை யாரோடும் பேசாமலே பொழுது போய்விடும். திங்கட்கிழமை முதல் வார்த்தை பேசும்போது தொண்டை கரகரக்கும்.

உறவென்று இருந்தது ஒரே தங்கைதான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தாள். பார்த்தால் பக்கம், பஸ்ஸில் சுற்றிப் போனால் மூன்று மணி நேரம். அங்கே ஒரு பெரிய குளம். தங்கை கணவர் படகுகள் வாடகைக்கு விட்டு, உடை மாற்றிக்கொள்ள நான்கு தடுப்பறைகளும் கட்டியிருந்தார். விடுமுறை நாளில் நகரத்து ஜனங்கள் குழந்தை குட்டிகளோடு நீந்த வருவார்கள். 'நோயில்லாத கரை, பயமில்லாமல் இறங்குங்கள்' என்று வாசலில் பலகை.

அந்தப் பலகைக்கு ஆதாரம் நிலையத்தின் வரைபடம். நத்தையின் உடம்பில் வளரும் ஒரு புழு தண்ணீரில் நிற்பவர்களின் தோலைத் துளைத்து உள்ளே போகும். சிறுநீரில் இரத்தம் வரும், பிள்ளைகள் சோர்ந்து போவார்கள். அந்த நோய் வருடம் தவறாமல் குடியிருக்கும் இடத்தை வரைபடத்தில் சிவப்பாகத் தீட்டியிருந்தார்கள். சிவப்பு ஆற்றோடு நின்றது. அதற்கு அப்பால் வெள்ளை.

நிலையத்துக்குப் புதிதாக ஓர் ஆய்வாளர் வந்தார். பழைய நோட்டுகளை எல்லாம் எடுத்து வரைபடத்தைத் திரும்பப் போடச் சொன்னார். நத்தை கிடைத்த இடத்துக்குக் கறுப்புப் புள்ளி, தேடியும் கிடைக்காத இடத்துக்கு வெறும் வட்டம். நத்தையக்கா மேசையில் குனிந்து பதினோரு நாள் புள்ளியும் வட்டமுமாக வைத்தாள். கடைசியில் பார்த்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் புள்ளியும் இல்லை, வட்டமும் இல்லை.

"அந்தப் பக்கம் யாருமே போகல சார்," என்றாள்.

"அப்புறம் எப்படி ஆத்தோட கோடு போட்டாங்க?"

அவளுக்கு அது தெரியும். முதல் கணக்கெடுப்பின்போது பாலம் இல்லை, ஜீப் கரையோடு நின்றுவிட்டது. அதற்கு முன்பே வேறு யாரோ ஒருவர் நோய்க்குச் சம்பந்தமில்லாத சில நத்தைகளைப் பற்றி எழுதியிருந்தார். இந்தப் பள்ளத்தாக்கைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஐந்து வகை, ஐந்துமே ஆற்றைத் தாண்டவில்லை. ஐந்தின் எல்லையும் ஒன்றாக விழுந்ததால் இது தனிப் பகுதி என்று கோடு போட்டிருந்தார். நோயைக் கணக்கெடுக்க வந்தவர்கள் அந்தக் கோட்டைக் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டார்கள்.

ஆய்வாளர் சிரித்தார். "அது 'இங்க மட்டும்' இருக்கற நத்தையோட கோடு. நமக்கு வேண்டியது 'இங்க எப்பவும்' இருக்கற நோயோட கோடு. ரெண்டும் ஒண்ணுன்னு யார் சொன்னது?"

அன்று சாயங்காலம் அவளுக்குத் தங்கை வீட்டுக் குளம் நினைவுக்கு வந்தது. எத்தனையோ தடவை தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள். அந்தக் குளத்தங்கரையில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறாள். ஒரு தடவைகூடச் சல்லடையை எடுத்துப் போனதில்லை. பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான். இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, சல்லடையைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினாள்.

தங்கை வாசலிலேயே சாக்கைப் பார்த்துவிட்டாள். "விருந்தாளியா வந்தியா, வேலைக்கு வந்தியா?"

"ரெண்டும்தான்."

தங்கையின் மகளுக்குப் பதினோரு வயது. முகம் வெளுத்து, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. படிக்கட்டில் பாதியில் நின்று மூச்சு வாங்கினாள். என்ன ஆச்சு என்று கேட்டதற்குத் தங்கை குரலைத் தாழ்த்தினாள். "அப்பப்ப இரத்தம் படுதுக்கா. பெரிய மனுஷி ஆகப் போறான்னு நினைச்சேன். மூணு மாசமா அப்படியே இருக்கு."

நத்தையக்கா சாக்கைப் பிரித்துச் சல்லடையை எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போனாள். படகுத்துறைக்குப் பக்கத்தில் நாற்பது நத்தை கிடைத்தது. சமையலறை ஜன்னலோரம், நல்ல வெயிலில், சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் தண்ணீர் ஊற்றி ஒவ்வொன்றிலும் ஒரு நத்தையைப் போட்டு வைத்தாள். வெயில் பட்டால் புழு இருக்கும் நத்தை அதை வெளியே விட்டுவிடும். இரண்டு மணி நேரம் கழித்து, கையோடு கொண்டு வந்திருந்த பூதக்கண்ணாடியால் பார்த்தாள். மூன்று குப்பிகளில் தண்ணீர் துடித்துக்கொண்டிருந்தது. நூலைவிடச் சின்னப் புழுக்கள், நுனியில் இரண்டாகப் பிளந்த வால்.

தங்கை கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். அக்காவின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இது யாருக்குத் தெரியும்? உனக்கும் எனக்கும்தானே. கொட்டிடு."

"பாப்பாவுக்கு மாத்திரை குடுக்கணும்."

"அவளுக்கு மட்டும் நீ வாங்கிக் குடு. உன்னால முடியாதா? அதுக்காக ஊர் முழுக்கச் சிவப்பு பூசணுமா? இந்தக் குளத்தை விட்டா எங்களுக்கு என்ன இருக்கு?"

"மத்தப் பிள்ளைங்களும் இதே தண்ணியிலதான் குளிக்குது."

"மத்தப் பிள்ளைங்க உன் தங்கச்சி பிள்ளைங்க இல்ல," என்றாள் தங்கை. சொல்லிவிட்டுத் தன் வார்த்தையே தனக்குப் பிடிக்காதவள்போல அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

குளத்து நத்தைகளைப் புட்டியில் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தவள், இரண்டு நாள் அதற்கான சீட்டை எழுதாமலே வைத்திருந்தாள். சாராயத்தில் போட்ட நத்தைப் புட்டிக்குள் பென்சிலால் எழுதிய சீட்டு ஒன்று போக வேண்டும், அதுதான் முறை. இடம் என்ற வரியில் ஏதாவது வாய்க்கால் பெயரை எழுதினால் யாரும் கேட்கப் போவதில்லை. கேட்க ஆளில்லை என்பதுதான் அவளை உறுத்தியது. மூன்றாம் நாள் காலையில் குளத்தின் பெயரையே எழுதி ஆய்வாளர் மேசையில் வைத்தாள்.

"பிரமாதம்க்கா," என்றார் அவர். "இது பெரிய விஷயம் தெரியுமா?"

"தெரியும் சார்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்து குழாயடியில் நின்று முகம் கழுவினாள்.

இரண்டே மாதத்தில் சிவப்பு ஆற்றைத் தாண்டியது. அந்தப் பக்கத்துப் பள்ளிகளில் சோதித்ததில் பத்துப் பிள்ளைகளில் நான்கு பேருக்கு நோய் இருந்தது. எல்லோருக்கும் மாத்திரை போனது. குளத்து வாசல் பலகையைக் கழற்றினார்கள். படகுகளைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுத் தங்கை கணவர் செங்கல் சூளைக்கு வேலைக்குப் போனார். இதெல்லாம் அங்கே மாத்திரை கொடுக்கப் போய்வந்த நர்ஸ் சொல்லித்தான் நத்தையக்காவுக்குத் தெரியும். தங்கை போனை எடுக்கவில்லை. அவளும் வாரத்துக்கு ஒரு தடவை என்று அடித்து, பிறகு மாதத்துக்கு ஒரு தடவை என்று குறைத்துக்கொண்டாள். மகள் முகத்தில் இரத்தம் ஊறிவிட்டது, இப்போது பள்ளி ஓட்டப் பந்தயத்தில் ஓடுகிறாள் என்றும் நர்ஸ்தான் சொன்னாள். அன்றைக்கு நத்தையக்கா அறையில் தனியாக உட்கார்ந்து அதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல நினைத்தாள். சொல்லக்கூடிய ஆள் தங்கை ஒருத்திதான்.

அடுத்த வருடம் பெரியவர்களுக்கும் மாத்திரை கொடுக்கக் குழு கிளம்பியது. ஆள் போதாது என்றதும் நத்தையக்கா தானாகவே பெயர் கொடுத்தாள். பள்ளிக்கூட வராந்தாவில் அளவுகோலை நட்டார்கள். உயரத்தைப் பார்த்து எத்தனை மாத்திரை என்று சொல்வது அவள் வேலை. பதினோரு மணிக்கு வரிசையில் தங்கை வந்தாள். இளைத்திருந்தாள். வேறு வரிசைக்கு மாறிப் போயிருக்கலாம், போகவில்லை. கோலில் முதுகு ஒட்டி, நேரே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நாலு," என்றாள் நத்தையக்கா. உள்ளங்கையில் எண்ணி வைத்து டம்ளரை நீட்டினாள்.

தங்கை ஒவ்வொன்றாக விழுங்கினாள். கடைசி மாத்திரைக்கு முகம் சுளித்தாள்.

"கசக்குது."

"ஆமா. இன்னும் கொஞ்சம் தண்ணி குடி."

குடித்தாள். டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, படியிறங்கிப் போய்விட்டாள். நத்தையக்கா அவள் பெயரை நோட்டில் எழுதினாள். அடுத்து நின்றிருந்த பெரியவர் தொப்பியைக் கழற்ற வேண்டுமா என்று கேட்டார். கழற்றத்தான் வேண்டும் என்றாள்.